விண்ணில் வாழும் பங்காளிகள்



'பங்காளி' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பொதுச் சொத்து ஒன்றில் பங்குடையவர் என்பது அதன் நேரான பொருள். ஆனால் நம் ஊர்களில் அச்சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது பங்காளிச் சண்டைதான். பிரிந்துவிடவும் இயலாமல், முழுமையாக ஒட்டிக்கொள்ளவும் மனமில்லாமல், ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்கிறவர்களின் பெயர் அது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தைக் குறித்து மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் நான் இந்தச் சொல்லையே கையாள்கிறேன். அதை நடத்துகிறவர்களை நண்பர்கள் என்றால் அது பாதி பொய். எதிரிகள் என்றால் அதுவும் பாதி பொய். பங்காளிகள் என்பதே பொருந்துகிறது.

இயற்பியல் ஆசிரியனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். விண்வெளி நிலையத்தைப் பற்றி வகுப்பில் தொடங்கினால் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அதன் வேகத்தைப் பற்றியதாக இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர். 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடும். அங்கிருப்போர் ஒரு நாளில் 16 முறை சூரிய உதயத்தைக் காண்பார்கள் என்று சொன்னால் கண்கள் விரியும். இரண்டாவது கேள்வியே சிக்கலானது: "அது எந்த நாட்டுடையது சார்?" இதற்கு ஒரு சொல்லில் விடையளிக்க முடியாது. அந்த விடையைத் தேடிச் சென்றதில் நான் கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

நிலையத்தின் முதல் பகுதியான 'ஸர்யா' 1998 நவம்பர் 20 அன்று கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டது. அதைக் கட்டியது ரஷ்யா. பணம் கொடுத்தது அமெரிக்கா. அடுத்த மாதமே அமெரிக்க விண்வெளி ஓடமான எண்டெவர், 'யூனிட்டி' என்னும் பகுதியைக் கொண்டுசென்று அதனோடு பொருத்தியது. 2000 நவம்பர் 2 அன்று வில்லியம் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கரும், யூரி கிட்சென்கோ, செர்கேய் கிரிகாலெவ் என்ற இரு ரஷ்யர்களும் அங்கே குடியேறினர். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீடு ஒரு நாள்கூட ஆளின்றிப் பூட்டிக் கிடந்ததில்லை. கனடா ஒரு நீண்ட இயந்திரக் கையைத் தந்தது. ஐரோப்பா 'கொலம்பஸ்' என்னும் ஆய்வுக்கூடத்தையும், ஜப்பான் 'கிபோ' என்னும் ஆய்வுக்கூடத்தையும் சேர்த்தன. 1998 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடா, ஐரோப்பிய நாடுகள் 11 என மொத்தம் 15 நாடுகள் இதில் பங்காளிகள். எடையோ 400 டன்னுக்கும் மேல்.

பல நாடுகள் பணம் போட்டு ஒன்றைக் கட்டுவது உலகில் புதிதன்று. என்னைச் சிந்திக்க வைத்தது, இந்த வீட்டில் யாரிடம் எது இருக்கிறது என்பதே. பெரும் சூரியத் தகடுகள் அமெரிக்கப் பகுதியில் இருக்கின்றன. அவை தரும் மின்சாரத்தில் ஒரு பங்கு ரஷ்யப் பகுதிக்கும் செல்கிறது. நிலையம் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதை எரிபொருள் செலவின்றிப் பார்த்துக்கொள்ளும் நான்கு பெரிய சுழற்சக்கரங்களும் அமெரிக்கப் பகுதியிலேயே உள்ளன. ஆனால் நிலையத்தை உயர்த்தும் உந்துபொறிகள் ரஷ்யப் பகுதியில். அந்த உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது. அது உரசி உரசி நிலையத்தை மாதத்துக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கீழிறக்கும். அதை மீண்டும் மேலே தள்ளிவிடும் வேலையை ரஷ்யாவின் 'ஸ்வெஸ்தா' பகுதியும், சரக்கு கொண்டுவரும் 'புரோகிரஸ்' கலங்களுமே நெடுங்காலமாகப் பெரும்பாலும் செய்துவந்தன. சுழற்சக்கரங்கள் தம் எல்லையை எட்டித் திணறும்போது அவற்றின் சுமையை இறக்கிவைப்பதும் ரஷ்ய உந்துபொறிகளே. சுருங்கச் சொன்னால், ஒருவரிடம் மின்சாரம், மற்றவரிடம் இயந்திரம். இருவரில் ஒருவர் எழுந்து சென்றால் மற்றவரால் அந்த வீட்டில் நெடுநாள் இருக்க முடியாது.

இதனை வாசித்த அன்று எனக்கு எங்கள் பூர்வீக வீடு நினைவுக்கு வந்தது. என் வாப்பாவும் பெரிய வாப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது முற்றத்தின் நடுவே ஒரு சுவர் எழும்பியது. கிணறும் மோட்டாரும் எங்கள் பக்கம் வந்தன. மின் இணைப்பின் மீட்டர் பெரிய வாப்பாவின் பக்கம் போயிற்று. இருவருக்கும் பேச்சில்லாத மாதங்கள் பல வந்து போயின. ஆயினும் ஒவ்வொரு நாளும் ஃபஜ்ருக்கு முன் அந்தப் பக்கத்திலிருந்து சுவிட்ச் போடப்படும். இந்தப் பக்கத்தில் மோட்டார் ஓடும். இரு வீட்டுத் தொட்டிகளிலும் ஒளூவுக்குத் தண்ணீர் நிறையும். மோட்டாரின் காயில் கருகினால் சுவருக்கு மேலே தலைநீட்டி ஒருவரையொருவர் அழைத்தே தீரவேண்டும். அழைத்தால் பழுதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்த முடியாது. பிள்ளைகளின் படிப்பு, பெரிய உம்மாவின் முழங்கால் வலி என்று பேச்சு நீளும். பிற்காலத்தில் இரு வீட்டாரும் தனித்தனியே போர்வெல் போட்டுக்கொண்டோம். தண்ணீர் தாராளமாக வந்தது. சுவருக்கு மேல் தலைநீட்ட வேண்டிய தேவை மறைந்தது. பேச்சும் பெருநாள் முஸாஃபஹாவோடு நின்றுபோயிற்று.

ஒருவரையொருவர் சார்ந்திருப்பதை நாம் பெரும்பாலும் பலவீனம் என்றே எண்ணுகிறோம். விண்வெளி நிலையத்தின் வரலாறு அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க உதவுகிறது.

அந்த வரலாறு நிலையத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1975 ஜூலையில், பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் அப்போலோ கலமும் சோவியத்தின் சோயூஸ் கலமும் விண்ணில் இணைந்தன. அதுவரை விண்கலங்களின் இணைப்புப் பொறியில் ஒன்று நுழைவதாகவும் மற்றது ஏற்பதாகவும் இருக்கும். இரு வல்லரசுகளில் யார் ஏற்பவராக இருப்பது? ஆகவே இருபுறமும் ஒரே வடிவில், எது வேண்டுமானாலும் மற்றதைப் பற்றிக்கொள்ளக்கூடிய புதிய பொறியை வடிவமைத்தார்கள். சோவியத் பொறியாளர் விளாதிமிர் சிரோமியாத்னிகோவின் பெயர் இதனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. மொழியிலும் ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியில் பேசினார்கள். ரஷ்யர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். தன் மொழியில் ஒருவர் வேகமாகப் பேசினால் மற்றவருக்கு விளங்காது. அடுத்தவருடைய மொழியில் பேசும்போது நிதானமாக, எளிய சொற்களில்தான் பேச வரும்; கேட்பவருக்கும் விளங்கும். கணவன் மனைவிக்கிடையிலும், மாமியார் மருமகளுக்கிடையிலும் இந்த உத்தியைக் கையாண்டால் எத்தனை வழக்குகள் ஜமாஅத்து வரை வராமலேயே முடிந்துவிடும் என்று நான் எண்ணுவதுண்டு.

நிலையத்தின் பாதையே ஒரு விட்டுக்கொடுத்தல்தான். அமெரிக்காவின் புளோரிடா ஏவுதளத்திலிருந்து ஏவுவதற்கு நிலநடுக்கோட்டோடு குறைந்த சாய்வுள்ள பாதையே வசதியானது. அதில் அதிக எடையைக் கொண்டுசெல்லலாம். ஆனால் வடக்கே இருக்கும் பைக்கனூரிலிருந்து அந்தப் பாதையை எட்டுவது ரஷ்யர்களுக்கு இயலாத காரியம். எனவே இருவரும் எட்டக்கூடிய 51.6 டிகிரி சாய்வுள்ள பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனால் ஒவ்வொரு பயணத்திலும் அமெரிக்க ஓடங்கள் தம் சுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த இழப்பிலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது: உலகில் மக்கள் வாழும் பகுதிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மேல் நிலையம் கடந்து செல்கிறது. மஃரிபுக்குச் சற்றுப் பின்னரோ ஃபஜ்ரையொட்டியோ நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்தும் சில நாட்களில் அதனை வெறுங்கண்ணால் காணலாம். இமைக்காத ஒரு விண்மீன் போல அது சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடும். நேரத்திலும் இதே நியாயம்தான். நிலையத்தின் கடிகாரம் ஹூஸ்டன் நேரத்தையும் காட்டுவதில்லை, மாஸ்கோ நேரத்தையும் காட்டுவதில்லை. கிரீன்விச் நேரத்தையே காட்டுகிறது.

இந்தச் சார்பு உயிரைக் காத்த நாள்களும் உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்தனர். அப்போது நிலையத்தில் இரண்டு அமெரிக்கர்களும் ஒரு ரஷ்யரும் இருந்தார்கள். அவர்களை அழைத்துவர வேண்டிய அமெரிக்க ஓடங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டுவிட்டன. மே மாதம் அவர்கள் மூவரும் ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் திரும்பினார்கள். கலம் குறித்த இடத்தைவிட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கியது. ஆனால் மூவரும் உயிரோடு இறங்கினார்கள். ஓடங்கள் மீண்டும் பறக்க 2005 ஜூலை ஆயிற்று. அதுவரை இரண்டிரண்டு பேராக அந்த வீட்டை அணையாமல் காத்தவை சோயூஸும் புரோகிரஸும்தான்.

இதன் மறுபக்கம் 2007 ஜூனில் நிகழ்ந்தது. ரஷ்யப் பகுதியின் முக்கியக் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. ரஷ்யப் பகுதியில் இருந்தாலும் அந்தக் கணினிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டவை. அவை இல்லாமல் ரஷ்ய உந்துபொறிகளால் நிலையத்தைத் திருப்ப முடியாது. அந்நேரம் அங்கே வந்து இணைந்திருந்த அமெரிக்க ஓடமான அட்லாண்டிஸ் தன் உந்துபொறிகளைக் கொண்டு நிலையத்தைத் தாங்கிப் பிடிக்க உதவியது. ரஷ்ய வீரர்கள் இருவர் பழுதான பகுதியைத் தவிர்த்து ஒரு கம்பியால் மாற்று இணைப்புக் கொடுத்துக் கணினிகளை உயிர்ப்பித்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, ஈரம் படிந்து இணைப்புகள் அரித்திருந்தது தெரியவந்தது.

2022 டிசம்பரில் இன்னொரு சோதனை. நிலையத்தோடு இணைந்திருந்த ஒரு சோயூஸ் கலத்திலிருந்து குளிரூட்டும் திரவம் விண்ணில் பீய்ச்சியடித்து வெளியேறியது. அதில் திரும்ப வேண்டியவர்கள் இரண்டு ரஷ்யர்களும் ஃபிராங்க் ரூபியோ என்ற அமெரிக்கரும். மாற்றுக் கலம் வந்துசேரும்வரை அவசரம் நேர்ந்தால் என்ன செய்வது? சோயூஸில் ஒவ்வொருவருக்கும் அவரவர் உடல் அளவுக்கு வார்க்கப்பட்ட இருக்கை உறை உண்டு. ரூபியோவின் உறையைக் கழற்றி, நான்கு பேருக்காக வந்திருந்த அமெரிக்க டிராகன் கலத்தில் ஐந்தாவதாகப் பொருத்தினார்கள். அந்த நான்கு பேரில் ஒருவர் அன்னா கிகினா என்ற ரஷ்யப் பெண்மணி. இரு நாடுகளும் ஒருவர் கலத்தில் மற்றவர் வீரரை ஏற்றிச்செல்வதென 2022 ஜூலையில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி வந்தவர் அவர். அந்த உடன்படிக்கை கையெழுத்தானபோது உக்ரைன் போர் தொடங்கி ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகிவிட்டிருந்தன என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். 2023 பிப்ரவரியில் ஆளில்லாமல் ஏவப்பட்ட வேறொரு சோயூஸ் வந்துசேர்ந்தது. ரூபியோ செப்டம்பரில் இறங்கியபோது 371 நாள்கள் விண்ணில் கழித்திருந்தார்.

இவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் பங்காளி என்ற சொல்லின் இரண்டாவது முகத்தை மறைத்தவனாவேன். 2011 ஜூலையில் அமெரிக்க ஓடங்கள் ஓய்வுபெற்ற பின், 2020 மே வரை நிலையத்துக்கு ஆட்கள் செல்ல சோயூஸ் ஒன்றே வழி. இருக்கைக்கு இருக்கை கட்டணம் ஏறிக்கொண்டே சென்றது. 2009இல் கென்னடி பதல்கா என்ற ரஷ்ய வீரர் நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், ஒருவர் மற்றவருடைய கழிப்பறையையும் உடற்பயிற்சிக் கருவியையும் பயன்படுத்துவது குறித்துக்கூடத் தகராறு ஏற்பட்டிருப்பதை வருத்தத்தோடு வெளிப்படுத்தினார். மேலே இருப்பவர்கள் ஒற்றுமையாகவே இருக்கிறார்கள், கணக்குப் பார்ப்பதெல்லாம் கீழே இருப்பவர்களே என்பது அவர் பேச்சின் சாரம். 2021 நவம்பரில் ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்தது. அதன் சிதறல்களுக்கு அஞ்சி நிலையத்திலிருந்த ஏழு பேரும் தத்தம் கலங்களுக்குள் ஒதுங்கினார்கள். அவர்களில் இருவர் ரஷ்யர்கள். 2022இல் போர் தொடங்கியபோது, எங்கள் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் நிலையம் கட்டுப்பாடின்றி விழுவதை யார் தடுப்பார்கள் என்று பொருள்பட ரஷ்ய விண்வெளி நிறுவனத்தின் அன்றைய தலைவரே பொதுவெளியில் எழுதினார். அடுத்த மாதமே, மார்க் வாண்டே ஹை என்ற அமெரிக்கர் இரண்டு ரஷ்யர்களோடு சோயூஸில் அமர்ந்து பத்திரமாகக் கஜகஸ்தானில் இறங்கினார்.

கீழே மிரட்டல், மேலே ஒரே கலத்தில் தோளோடு தோள் உரச ஒரு பயணம். இதில் எது உண்மை என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டும் உண்மை என்றே நான் சொன்னேன். அந்த வீடு மனித நல்லெண்ணத்தை நம்பிக் கட்டப்பட்டதன்று. நல்லெண்ணம் வற்றிய நாளிலும் நிலைத்திருக்கும்படி அதன் குழாய்களும் கம்பிகளும் அமைந்துவிட்டன. கோபம் வந்தவுடன் எழுந்து போய்விட முடியாதபடி ஓர் ஏற்பாடு இருந்தால், கோபம் தணியும்வரை காத்திருக்க நேரம் கிடைக்கிறது. நிக்காஹ் என்னும் ஒப்பந்தத்திலும் இத்தகைய ஞானம் உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இனி நம் சமுதாயத்துக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். 2007 அக்டோபர் 10 அன்று, ரமலானின் இறுதி நாள்களில், மலேசிய எலும்பு மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுகோர் சோயூஸில் ஏறி நிலையத்துக்குச் சென்றார். அவர் புறப்படுவதற்கு முன்பே மலேசிய அரசு மார்க்க அறிஞர்களையும் விஞ்ஞானிகளையும் ஒன்றுகூட்டி, விண்ணில் தொழுவது எவ்வாறு என்று ஆராய்ந்து ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டிருந்தது. கிப்லாவை இயன்ற அளவுக்கு முன்னோக்குவது. கஃபாவை நோக்க இயன்றால் அதனை, இயலாவிட்டால் அதற்கு நேர் மேலான திசையை, அதுவும் இயலாவிட்டால் பூமியை, எதுவுமே இயலாவிட்டால் எத்திசையையும் நோக்கலாம் என்று அது வரிசைப்படுத்தியது. 90 நிமிடங்களுக்கு ஒரு பகலிரவு கழியும் இடத்தில் ஐவேளைக் கணக்கு எப்படி? புறப்பட்ட பைக்கனூரின் நேரத்தைக் கொண்டு கணக்கிடலாம் என்றது. பெருநாளன்று ஷேக் முஸஃபர் தாம் கொண்டுசென்ற சத்தேயையும் பலகாரங்களையும் அமெரிக்கருக்கும் ரஷ்யருக்கும் பகிர்ந்தளித்தார் என்ற செய்தியைப் படித்து நாம் மகிழ்ந்தோம்.

2023 மார்ச்சில் ஐக்கிய அரபு அமீரகத்தின் சுல்தான் அல்நெயாதி ஆறு மாதப் பணிக்காகச் சென்றார். அந்த ஆண்டின் ரமலான் முழுவதும் அவர் மேலே இருந்தார். நோன்பு குறித்துக் கேட்டவர்களுக்கு, தாம் பயணி என்பதால் நோன்பு கட்டாயமில்லை என்றும், தம் உடல் தளர்ந்து பணிக்கோ உடன் இருப்பவர்களுக்கோ ஆபத்து நேரக்கூடிய எதையும் செய்யலாகாது என்றும் விளக்கினார். இந்த விடை என் மனத்தில் ஆழமாகத் தைத்தது. என் வணக்கம் எனக்கும் என் இறைவனுக்கும் இடையிலானது. ஆயினும் என் உடல்நிலை பக்கத்தில் இருப்பவரின் உயிரோடு பிணைந்திருக்கும் இடத்தில், அவருடைய பாதுகாப்பும் என்மீது அமானத்தாகிறது. மார்க்கம் தந்த சலுகையை அவர் அந்த அமானத்தின் வெளிச்சத்தில் புரிந்துகொண்டார். ஏப்ரல் 28 அன்று அவர் அமெரிக்கர் ஒருவரோடு நிலையத்துக்கு வெளியே சென்று பணிசெய்தார். விண்ணில் நடந்த முதல் அரபியர் அவரே. மே மாதம் சவூதி அரேபியாவின் ரய்யானா பர்னாவி என்ற பெண்மணியும் அலீ அல்கர்னியும் வந்துசேர, ஒரே நேரத்தில் மூன்று அரபியர்கள் அங்கிருந்தார்கள்.

மகிழ்ச்சியோடு இவற்றைச் சொல்லும்போதே ஒரு கேள்வியையும் முன்வைக்க வேண்டியவனாகிறேன். வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்விதான் அது: "அங்கே நம்முடைய பகுதி எது சார்?" அவன் 'நம்' என்று இந்தியாவைச் சொன்னானா, முஸ்லிம்களைச் சொன்னானா என்று நான் விசாரிக்கவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் விடை ஒன்றே. அந்த 15 பங்காளிகளில் இந்தியா இல்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாடும் இல்லை. ஷேக் முஸஃபரின் பயணம், மலேசியா ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்களை வாங்கிய உடன்பாட்டின் ஒரு பகுதியாகக் கிடைத்தது. மற்றவர்களின் இருக்கைகளும் கட்டணம் செலுத்திப் பெற்றவையே. 2025 ஜூனில் நம் நாட்டின் சுபான்ஷு சுக்லா சென்றதும் தனியார் நிறுவனம் ஏற்பாடு செய்த பயணத்தில்தான்.

இதில் ஒரு வியப்பான செய்தி உண்டு. 2007இல் ஷேக் முஸஃபரோடு ஒரே கலத்தில் சென்றவர் பெக்கி விட்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 2023இல் சவூதி வீரர்களை அழைத்துச்சென்ற குழுவின் தலைவியும் அவரே. 2025இல் சுக்லா சென்ற குழுவின் தலைவியும் அவரே. பதினெட்டு ஆண்டுகளில் விருந்தாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வரவேற்று உள்ளே அழைத்துச்சென்றவர் மாறவில்லை.

விருந்தாளியாகச் செல்வது இழிவன்று. விருந்தோம்பலின் மதிப்பை நம்மைவிட யார் அறிவார்? ஆனால் விருந்தாளிக்கும் பங்காளிக்கும் வேறுபாடு உண்டு. விருந்தாளி விடைபெற்றுச் சென்றால் வீடு வழக்கம்போல் நடக்கும். பங்காளி எழுந்தால் வீடு தள்ளாடும். ஆகவேதான் பங்காளியின் சொல்லுக்கு, அவன்மேல் கோபம் இருக்கும்போதும், காது கொடுக்க வேண்டியிருக்கிறது. கனடாவைப் பாருங்கள். நிலையத்தின் மொத்தச் செலவில் அதன் பங்கு மிகச் சிறியது. ஆயினும் அந்த இயந்திரக் கை இல்லாமல் நிலையத்தைக் கட்டியிருக்கவே முடியாது. ஒன்றே ஒன்றைப் பிறர் தவிர்க்க முடியாத அளவுக்குச் செம்மையாகச் செய்தவனுக்கு அந்தச் சபையில் நிரந்தர இடம் கிடைத்தது. 2024 ஜனவரியில் அமீரகம், சந்திரனைச் சுற்றிவரும்படி திட்டமிடப்பட்ட நிலையத்துக்கு வீரர்கள் வெளியே சென்றுவரும் வாசல் அறையைத் தாம் செய்து தருவதாக அமெரிக்காவோடு உடன்பாடு கண்டது. அத்திட்டம் எந்த வடிவத்தில் நிறைவேறும் என்பது வேறு செய்தி. இருக்கை வாங்குவதிலிருந்து கதவு செய்வதற்கு ஒருவர் நகர்ந்ததையே நான் கவனிக்கிறேன்.

நம் வீடுகளில் பிள்ளைகளிடம் இதைப் பேச வேண்டும். மேலே ஒருவர் தொழுதார், நோன்பைப் பற்றிப் பேசினார் என்ற செய்தியைப் பகிர்ந்து மகிழ்ந்து நின்றுவிடுவது எளிது. அந்தக் கலத்தின் ஒரு வால்வை, ஒரு கணினிப் பலகையை, நீரைச் சுத்திகரிக்கும் ஒரு வடிகட்டியை நாம் செய்தோம் என்ற செய்தி வருவதற்கு நீண்ட காலப் படிப்பும் பொறுமையும் வேண்டும். அங்கே வியர்வையையும் சிறுநீரையும் மூச்சின் ஈரத்தையும் சேகரித்துக் குடிநீராக்குகிறார்கள். 2023இல் அந்த மீட்பு 98 சதவீதத்தை எட்டியது. ஓடும் ஆற்றிலும் ஒளூவுக்கு நீரை வீணாக்காதே என்று வளர்க்கப்பட்ட சமுதாயத்தின் பிள்ளைகளுக்குப் பொருத்தமான துறை இதைவிட வேறு எது? பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

கதவு மூடப்பட்டவர்களின் கதையும் இங்கே உண்டு. 2011இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய விதி ஒன்று, சீனாவோடு இணைந்து பணியாற்றுவதிலிருந்து நாசாவைத் தடுத்தது. சீனா 2021 ஏப்ரலில் தன் சொந்த நிலையத்தின் முதல் பகுதியை ஏவியது. இப்போது விண்ணில் இரண்டு வீடுகள். ரஷ்யாவும் தனி நிலையம் அமைக்கப்போவதாகக் கூறியுள்ளது. அமெரிக்கா தனியார் நிலையங்களை எதிர்நோக்குகிறது; நிலையத்தை உயர்த்தும் வேலையையும் தன் சரக்குக் கலங்களைக் கொண்டு செய்துபார்த்துவிட்டது. ஒவ்வொருவரும் தத்தம் போர்வெல்லைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் கிடைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சுவருக்கு மேல் தலைநீட்டும் தேவை மறைந்த பின் என்ன ஆகும் என்பதே என் கவலை. போர் நடந்த ஆண்டுகளிலும் மாஸ்கோவின் கட்டுப்பாட்டு அறையும் ஹூஸ்டனின் கட்டுப்பாட்டு அறையும் ஒவ்வொரு நாளும் பேசிக்கொண்டேயிருந்தன. பேசாமல் இருக்க முடியாது என்பதே அதற்குக் காரணம். அத்தகைய காரணங்கள் உலகில் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று மறையப்போகிறது.

நிலையத்துக்கு வயதாகிவிட்டது. ரஷ்யப் பகுதியின் ஒரு நடைபாதையில் 2019 முதல் காற்றுக் கசிவு இருந்துவந்தது. அமெரிக்காவும் அதன் பங்காளிகளும் 2030 வரையிலும், ரஷ்யா 2028 வரையிலும் நிலையத்தை இயக்குவதாக உறுதியளித்தன. அதன் பின் நிலையத்தைக் கட்டுப்பாட்டோடு கடலில் இறக்குவதற்கான கலத்தைக் கட்டும் பணி 2024 ஜூனில் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மனிதர் கட்டிய எதுவும் நிலையானதன்று என்பது நமக்குப் புதிய பாடமில்லை. ஆனால் அந்த வீடு இறங்கும் நாளில் அதனோடு இறங்கிவிடக் கூடாத ஒன்று உண்டு. ஒருவர் மின்சாரத்தையும் மற்றவர் உந்துபொறியையும் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் மொழியை மற்றவர் கற்று, சினத்தின் நடுவிலும் ஒருவர் மற்றவரின் இருக்கையைத் தம் கலத்தில் பொருத்தி, கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்து காட்டினார்கள். அது இயலும் என்பதற்கு இனி சான்று கேட்கத் தேவையில்லை.

அடுத்த வீட்டைக் கட்டும்போது பங்காளிகளின் பட்டியலில் நம் பிள்ளைகளின் பெயர்களும் இடம்பெற வேண்டும். அதற்கான உழைப்பையும், பிறர் நம்மை நம்பி வாழத்தக்க அமானத்தையும் வல்ல இறைவன் அவர்களுக்கு வழங்குவானாக. ஆமீன்.